முதல் முறை புருவத்துக்கு திரெட்டிங் (நூலால் முடி எடுப்பது) போகிறீர்களா?

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் குமுளியில் விஷு, ஓணம், தீபாவளி மூன்றுக்கும் பார்லரில் கூட்டம்தான், அதனால் விசேஷத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போய்விடுங்கள், சிவப்பும் வீக்கமும் அடங்க நேரம் வேண்டுமே. முகத்துக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) க்ரீம் போடுகிறவர்கள் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் தோல் உரிந்துவிடும்.

உட்கார்ந்ததும் வாய் திறந்து சொல்லுங்கள். மலையாளம் பேசும் பார்லர் சேச்சிக்குப் (அக்காவுக்கு) புருவம் என்றால் புரிகம், 'கட்டி குறைக்கண்டா' என்றால் அடர்த்தியைக் குறைக்க மாட்டார். நான் முதல் தடவை 'ஷேப் பண்ணுங்க' என்று மட்டும் சொல்லி, கம்பி மாதிரி இரண்டு கோடுகளோடு வீட்டுக்கு வந்தேன், அம்மா ஒரு வாரம் சிரித்தார்.

அளவு தெரிய ஒரு பென்சில் போதும். மூக்கின் ஓரத்திலிருந்து நேர் மேலே வைத்தால் புருவம் தொடங்கும் இடம், அங்கிருந்தே கண்ணின் வெளி ஓரம் வழியாகச் சாய்த்தால் முடியும் இடம். இதைத் தாண்டி நிற்கும் முடியை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுப்பது பழைய பழக்கம். எனக்குப் பிடிக்காது, கழுத்தில் கட்டிக்கொள்ளச் சொல்லுவேன். நூல் புதிதா என்றும் பாருங்கள். ஒரு கையால் நெற்றியை மேலேயும் மறு கையால் இமையைக் கீழேயும் நீங்களே இறுக்கிப் பிடியுங்கள், தோல் தளர்ந்தால் நூல் வெட்டும், வலி அங்கேதான்.

அப்புறம் கற்றாழை ஜெல். அன்றைக்கு மேக்கப் வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் மறுபடி முளைத்துவிடும்.