மெரோபெனத்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா: மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளியின் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அறிக்கையில், கார்பபெனம் வகை நுண்ணுயிர்க்கொல்லியான மெரோபெனத்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா இருப்பதாக வந்தால், எந்த மருந்து என்று யோசிப்பதற்கு முன் மருந்தே தேவையா என்று பயிற்சி மருத்துவர் கேட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவரின் சிறுநீர் வடிகுழாயிலும், வென்டிலேட்டர் குழாயிலிருந்து உறிஞ்சிய சளியிலும் வளரும் கிருமி பல நேரங்களில் அங்கே தங்கியிருப்பதே தவிர நோயை உண்டாக்குவதன்று. இரத்தத்தில் வளர்ந்ததை அவ்வாறு ஒதுக்க முடியாது.

அடுத்து, கிருமி எந்த நொதியைக் கொண்டு கார்பபெனத்தைச் சிதைக்கிறது என்று ஆய்வகத்திடம் கேட்டறிய வேண்டும். தேர்வின் பெரும்பகுதி இந்த விடையில்தான் அடங்கியிருக்கிறது. ஆக்ஸா-48 அல்லது கேபிசி என்ற நொதி மட்டும் இருந்தால், செஃப்டாசிடிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடு நொதியைத் தடுக்கும் அவிபாக்டத்தைச் சேர்த்த செஃப்டாசிடிம்-அவிபாக்டம் பொதுவாகப் போதும். புது டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் 2008-இல் கண்டறியப்பட்டு, இன்று இந்திய மருத்துவமனைகளில் பரவலாகக் காணப்படும் என்டிஎம் நொதியை அவிபாக்டத்தால் தடுக்க முடியாது. அஸ்ட்ரியோனம் என்ற மற்றொரு நுண்ணுயிர்க்கொல்லியை என்டிஎம் சிதைப்பதில்லை என்றாலும், அதே கிருமியிடம் உடனிருக்கும் வேறு நொதிகள் சிதைத்துவிடுகின்றன. அந்த நொதிகளை அவிபாக்டம் தடுப்பதால், செஃப்டாசிடிம்-அவிபாக்டத்தையும் அஸ்ட்ரியோனத்தையும் ஒரே நேரத்தில் செலுத்துவது பலனளிக்கிறது. என்டிஎம், ஆக்ஸா-48 இரண்டும் சேர்ந்தே இருப்பது இங்கு அரிதன்று என்பதால், நொதி தெரியவரும் வரை காத்திருக்க முடியாத நிலையிலும் இக்கூட்டு பொருத்தமானது.

அறிக்கையில் எம்ஐசி (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவு) எண் குறைவாக உள்ள மருந்தே சிறந்தது என்று கொள்வது பரவலான தவறு. ஒவ்வொரு மருந்தின் எண்ணையும் கிருமி கட்டுப்படும் என்று கொள்ள அந்தந்த மருந்துக்கு வகுத்த வரம்போடுதான் ஒப்பிட வேண்டுமே தவிர, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடக் கூடாது. அதோடு நோயின் இடத்தையும் பார்க்க வேண்டும்: டைஜிசைக்ளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் போதிய அளவில் நிற்பதில்லை; கோலிஸ்டின் நுரையீரலில் போதிய அளவு சேர்வதில்லை, சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். வேறு வழி இருக்கையில் கோலிஸ்டினை நாடுவது, வெறும் பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு, கிருமி கட்டுப்படுமானால், ஒரே வேளை அமிகாசின் போதுமானதாகலாம்.

சீழ்க்கட்டியை வடிக்காமலும், தொற்றுக்குக் காரணமான வடிகுழாயை அகற்றாமலும் எந்த மருந்தும் முழுமையாக வேலை செய்யாது. அவற்றைச் செய்து, காய்ச்சல் தணிந்து, நோயாளி தேறிவந்தால், சிக்கலற்ற இரத்தத் தொற்றுக்கு 7 நாள் சிகிச்சை பெரும்பாலும் போதும். கிருமி எதிர்ப்புத்திறன் கொண்டது என்பதற்காக மட்டும் நாட்களை நீட்ட வேண்டியதில்லை.