கிட் லென்ஸைத் திருப்பிப் போட்டு மேக்ரோ எடுப்பது எப்படி

மேக்ரோ, அதாவது சின்னஞ்சிறு பொருளை மிக நெருங்கிப் பெரிதாகக் காட்டும் படம், எடுக்க ஆசை, ஆனால் அதற்கென்றே இருக்கும் லென்ஸின் விலையைப் பார்த்ததும் ஆசையே அடங்கிப்போகிறது என்பவர்களுக்கு இது. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸைக் கழற்றி, அதன் முகப்பு கேமராவுக்குள் பார்க்கும்படி திருப்பி மாட்டினால் போதும். இதற்கு ரிவர்ஸ் ரிங் என்று ஒரு வளையம் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்தான். வாங்கும்போது உங்கள் கேமராவின் மவுன்ட்டும் (லென்ஸ் மாட்டும் வாய்) லென்ஸ் முகப்பின் ஃபில்டர் அளவும் (52, 55, 58 மி.மீ. என்று ஏதாவது இருக்கும்) ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பிப் போட்ட லென்ஸ் கேமரா சொல்வதைக் கேட்காது. ஆட்டோஃபோகஸ் போய்விடும், அபெர்ச்சரையும் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை) நாம்தான் சமாளிக்க வேண்டும். கேனான் டி.எஸ்.எல்.ஆர். என்றால் லென்ஸ் நேராக இருக்கும்போதே அபெர்ச்சரை எஃப்/8 வைத்து, துளையை அந்த அளவுக்குச் சுருக்கிக் காட்டும் டெப்த் ப்ரிவ்யூ பொத்தானை அழுத்தியபடியே கழற்றுங்கள், அபெர்ச்சர் அப்படியே நின்றுவிடும். நிக்கானில் லென்ஸின் பின்புறம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைப் பாதி தள்ளி மடித்த காகிதத் துண்டை இடுக்கில் செருகிவிடலாம். இன்னொரு விஷயம், ஜூம் இப்போது தலைகீழ்: 18-இல்தான் அதிகமாகப் பெரிதாகும். அதனால் 55-இல் ஆரம்பியுங்கள், எடுத்த எடுப்பில் 18 போனால் எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது.

ஃபோகஸ் வளையத்தை மறந்துவிடலாம், அதைத் திருகி இங்கே பெரிதாக ஒன்றும் ஆகாது. முழங்கையை எங்காவது ஊன்றி, உடம்பை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து, எடுக்கும் பூச்சியின் கண் தெளிவாகும் நொடியில் அழுத்துங்கள். துல்லியமாக விழும் பகுதி ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது, அதனால் வரிசையாக நிறைய எடுத்து ஒன்றைத் தேர்வதுதான் வழி. அதற்காகத் துளையை ரொம்பச் சுருக்கி எஃப்/22-க்குப் போகாதீர்கள், படம் மொத்தமும் மங்கும்.

என்னைக் கேட்டால் லென்ஸைவிட வெளிச்சம்தான் முக்கியம். ஃபிளாஷை மேனுவலில் 1/4 பவர் வைத்து, முன்னால் வெள்ளை டிஷ்யூ பேப்பரோ மெல்லிய தெர்மாகோலோ ஒட்டுங்கள். ஷட்டர் 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்) 200. குறைந்த பவரில் ஃபிளாஷ் மின்னி மறையும் நேரம் மிகக் குறைவு என்பதால் கை நடுக்கம் தெரியாது.

சரி, எதை எடுப்பது? சுவரில் குதித்துத் திரியும் குட்டிச் சிலந்தியைத் தேடுங்கள். மற்றப் பூச்சிகள் ஓடிவிடும், இது நின்று திரும்பி லென்ஸையே பார்க்கும். முன்வரிசையில் நான்கு கண்கள், நடுவில் இரண்டும் கருப்பாக உருண்டு, அவற்றில் உங்கள் ஃபிளாஷே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பதையும் உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. சீண்டினால் தலைக்குப் பின்னால் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் கிளப்பும், ஆனால் படத்துக்காகச் சீண்ட வேண்டாம். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மயங்க வைத்து எடுக்கும் வேலையும் வேண்டாம். விடியற்காலையில் போனால் குளிரில் அதுவே அசையாமல்தான் உட்கார்ந்திருக்கும்.

மழை நாளில் வீட்டுக்குள்ளேயே கல் உப்பு, தீக்குச்சித் தலை, பட்டுப்புடவை ஜரிகை என்று எடுக்கலாம். ஜரிகைக்கு மட்டும் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள், நேராக அடித்தால் வெறும் வெள்ளைத் திட்டுதான் வரும்.