பலகைப் போரைப் பொம்மை மேசைக்கு மாற்ற

இரண்டாம் உலகப் போரைப் பலகையில் ஆடும் 'ஸ்குவாட் லீடர்' விளையாட்டின் வரைபடத்தில் ஓர் அறுகோணக் கட்டம் நிலத்தில் 40 மீட்டர். 28 மி.மீ. உயரப் போர்வீரர் பொம்மைகளின் 1:56 அளவில் அது 71 செ.மீ.; 180×120 செ.மீ. மேசையில் நீளவாக்கில் மூன்றுகூட அடங்காது. எனவே வெற்றி நிபந்தனை குறிக்கும் கட்டடத்தைச் சுற்றி சுமார் 12×8 அறுகோணங்களை மட்டும் வெட்டியெடுத்து, ஒன்றுக்கு 15 செ.மீ. வையுங்கள்.

ஒரு ஸ்குவாட் (சிறு காலாட்படைக் குழு) அட்டையைப் பத்துப் பேராகக் கொள்ளுங்கள். 12 அட்டை தாக்க, 8 காக்கிறது என்றால் நாலில் ஒன்றாக்கி முப்பதுக்கு இருபது பொம்மை. இயந்திரத் துப்பாக்கிதான் வம்பு: இரண்டை நாலால் வகுத்தால் அரை! ஒன்றை முழுதாகக் கொடுத்து, அந்தப் பக்கம் ஐந்து ரைபிள்காரர்களைக் குறையுங்கள்.

ஜெர்மன் 4-6-7 (சுடுதிறன்-சுடுதூரம்-மனவுறுதி) அட்டையின் சுடுதூரம் 6 அறுகோணம், மேசையில் 90 செ.மீ. தெரு வெட்டவெளியாகக் கிடந்தால் தாக்குபவர் பாதி வழியிலேயே தீர்ந்துவிடுவார். 20–25 செ.மீ.க்கு ஒரு மறைவு வையுங்கள்: இடிந்த சுவர், கவிழ்ந்த வண்டி. வரைபடத்தில் இல்லையே என்று தயங்க வேண்டாம். 40 மீட்டர் நிலத்தில் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

காலாட்படை பலகையில் ஒரு சுற்றில் 4 அறுகோணம் போகும். பொம்மை 15 செ.மீ.தான். அப்படியே பெருக்கினால் பலகையின் 6 சுற்று ஆட்டம் 24 சுற்று ஆகும், விடிந்துவிடும். தாக்குபவரைக் காப்பவரிடமிருந்து 60 செ.மீ. தள்ளி நிறுத்தி 8 சுற்றில் முடியுங்கள். மூன்றாம் சுற்றில் வரும் துணைப்படை அப்போது நான்காவதில் வரும்.