காய்கறியில் பூச்சிமருந்து இருக்கிறதா? நொதி அட்டையில் சோதிப்பது எப்படி

பயோசென்சர் என்றதும் பெரிய ஆய்வகக் கருவியை நினைக்க வேண்டாம். நாம் தேடும் பொருளைக் கண்டால் மாறுகிற ஓர் உயிரிப் பொருள், அந்த மாற்றத்தை நம் கண்ணுக்குக் காட்ட ஒரு வழி, இரண்டும் சேர்ந்தால் அது பயோசென்சர்தான். குளுக்கோமீட்டர் பட்டைகூட இந்தக் குடும்பம்தான். தொடக்கத்துக்கு ஏற்றது நொதி அட்டை.

அட்டையில் இரண்டு வட்டங்கள் இருக்கும். வெள்ளை வட்டத்தில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி, சிவப்பு வட்டத்தில் ஒரு சாயப்பொருள். நொதி நன்றாக இருந்தால் சிவப்புப் பொருளை உடைக்கும், வெள்ளை வட்டம் நீலமாகும். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் இந்த நொதியை முடக்கிவிடும் (பூச்சியின் நரம்பிலும் இதே நொதியைத்தான் முடக்குகின்றன), அப்போது நீலம் வராது. ஆக, நிறம் வந்தால் நல்லது, வராவிட்டால்தான் சந்தேகம். புதியவர்கள் இதைத்தான் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். காயைக் கழுவாதீர்கள், மேலே ஒட்டிய மண்ணை மட்டும் துடைத்துவிட்டு ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 5 கிராம் எடுத்து, கிட்டில் வரும் தாங்கல் கரைசலில் 10 மில்லி ஊற்றி, சுமார் 50 முறை குலுக்கி, 2 நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். அப்புறம் மேலே தெளிந்த நீரில் இரண்டு மூன்று சொட்டை வெள்ளை வட்டத்தில் விட்டு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும், முடிந்தால் 37 டிகிரி சூட்டில். வட்டம் இடையில் காயக்கூடாது. பிறகு அட்டையை மடித்து, சிவப்பும் வெள்ளையும் ஒட்டும்படி 3 நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள்.

இதோடு கூடவே, வெறும் கரைசலை மட்டும் விட்ட இன்னோர் அட்டையையும் அதே நேரத்தில் வைத்தே ஆகவேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒருமுறை நான் அட்டைப் பெட்டியை வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டேன், அன்று வைத்த கீரையெல்லாம் வெள்ளையாகவே நின்றது. கீரையில் விஷம் என்று பதறி, கடைசியில் வெறும் கரைசலை விட்டுப் பார்த்தால் அதுவும் வெள்ளை. நொதியே செத்துப்போயிருந்தது! அந்த ஒப்பீட்டு அட்டை நீலமாகாவிட்டால் மற்ற எதையும் நம்பாதீர்கள். குளிர் நாளில் அது நீலமாகத் தாமதமானால், எல்லா அட்டைகளுக்கும் அந்த 10 நிமிடக் காத்திருப்பை ஒரே அளவில் நீட்டிக்கொள்ளுங்கள்.

பூண்டு, வெங்காயம், முள்ளங்கி போன்றவற்றின் சாறே நொதியைத் தொந்தரவு செய்யும், மருந்தே இல்லாமல் வெள்ளை காட்டும். இவற்றை நறுக்காமல் முழுதாகக் கரைசலில் அலசி அந்த நீரை எடுங்கள்.

நீலம் வந்துவிட்டது என்பதற்காக எந்த மருந்தும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. பைரித்ராய்டு, நியோநிகோட்டினாய்டு வகைகள் இந்த நொதியைத் தொடுவதே இல்லை. குளோர்பைரிபாஸ் போன்றவை உடலுக்குள் ஆக்சான் (oxon) என்ற வேறொரு வேதி வடிவத்துக்கு மாறிய பிறகே நொதியைப் பலமாக முடக்கும் என்பதால் அட்டையில் எளிதில் தப்பிவிடும். அஃப்ளாடாக்சின் மாதிரி பூஞ்சை நச்சுக்கும் இந்த அட்டை உதவாது, அதற்கு ஆன்டிபாடி பட்டை தனியாக உண்டு.

வெள்ளையோ மங்கிய நீலமோ வந்தால் அதே காயில் புதுத் துண்டு எடுத்து இன்னொரு முறை செய்யுங்கள். மறுபடியும் அப்படியே வந்தால் மீதிக் காயைக் கழுவாமல் பையில் கட்டி, குளிரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை அங்கே குரோமடோகிராபியில்தான் (கலவையைப் பிரித்துப் பார்க்கும் முறை) கண்டுபிடிப்பார்கள்.