ரசாயனக் கழிவு: பாட்டிலில் ஊற்றுவதிலிருந்து வண்டியில் ஏற்றுவது வரை

ஆய்வகத்திலோ பட்டறையிலோ புதிதாகச் சேர்ந்தவரிடம் கழிவு பாட்டில்களைத்தான் முதலில் தள்ளிவிடுவார்கள். உள்ளதிலேயே அதிக அனுபவம் தேவைப்படும் வேலை அது! சரி, வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் லேபிள், அப்புறம் கழிவு. காலி பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். "கரைப்பான் கழிவு" என்று மொட்டையாக எழுதினால் போதாது. "அசிட்டோன் 70%, எத்தனால் 20%, தண்ணீர் 10%" என்று இருக்கவேண்டும். கூடவே ஆபத்தின் வகை, தொடங்கிய தேதி. பழைய லேபிள் கண்ணில் படவே கூடாது.

2. எதோடு எது சேரக்கூடாது என்று பாருங்கள். விபத்துகள் பிறக்கும் இடம் இதுதான். நைட்ரிக் அமிலக் கழிவில் கொஞ்சம் எத்தனால் விழுந்தால் உடனே ஒன்றும் நடக்காதது போலத் தெரியலாம். நேரம் போகப் போகச் சூடேறி வாயு கிளம்பும். மூடியை இறுக்கியிருந்தால் அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கும். அப்போது நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். பக்கத்தில் வேறு யாராவது நின்றுகொண்டிருக்கலாம். அதனால் நைட்ரிக்குக்குத் தனிப் பாட்டிலும், வாயு கசிந்து வெளியேறும் வகை மூடியும் வேண்டும். ப்ளீச்சில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சயனைடில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு, அதாவது உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வந்தால் பாதுகாப்புத் தரவுத் தாளின் (SDS, ரசாயனத்தோடு வரும் ஆபத்து விவரக் குறிப்பு) 10-ஆம் பகுதியைப் படியுங்கள். அப்போதும் தெளியவில்லையா, தனிப் பாட்டில் எடுங்கள். பாட்டிலை மிச்சம் பிடிப்பதெல்லாம் ஒரு சிக்கனமா?

3. பாட்டில். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரிக்கும், அதற்குப் பாலிஎத்திலீன்தான். எதையும் 90 சதவீதத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம், சூட்டில் திரவம் விரியும். ஊற்றி முடித்ததும் புனலை எடுத்துவிட்டு மூடுங்கள்.

4. உள்ளே நகர்த்தும்போது கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டில் நிறுத்தி, தள்ளுவண்டியில் கொண்டு போங்கள். பாட்டில் உடைந்தாலும் அதிலுள்ளது முழுவதையும் தட்டு தாங்கவேண்டும். மெல்லிய நைட்ரைல் கையுறைக்குள் அசிட்டோன் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும், பட்டவுடன் மாற்றுங்கள். அதே கையுறையோடு கதவுக் கைப்பிடியைத் தொடுபவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

5. வெளியே அனுப்புவது. சொந்தக் காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுபோகும் யோசனையே வேண்டாம். உரிமம் பெற்ற நிறுவனம் வந்து எடுக்கட்டும். ஆபத்தான சரக்குகளை ஐ.நா. பரிந்துரைகள் 9 வகுப்புகளாகப் பிரிக்கின்றன. இது தவிர, அந்தச் சரக்குகளுக்கு நான்கு இலக்க ஐ.நா. எண்ணும் உண்டு: அசிட்டோனுக்கு 1090. தரவுத் தாளின் 14-ஆம் பகுதி ரசாயனத்தின் எண்ணைச் சொல்லும். கலவைக் கழிவுக்கு எந்த எண் என்பதை எடுத்துப்போகும் நிறுவனத்திடமே கேளுங்கள். ஒப்படைத்ததற்கான ஆவணத்தின் நகலை வாங்காமல் வண்டியை விடாதீர்கள்.

6. கொட்டிவிட்டால், துடைக்கத் துணி தேடாதீர்கள். முதலில் ஆட்களை விலக்குங்கள், பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துக் கழுவியபடியே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.