பேஸ்பால் சீசனுக்கு முன் கிளவுஸையும் கையையும் தயார் செய்வது எப்படி?

கிரிக்கெட் ஆடிப் பழகிவிட்டு பேஸ்பாலுக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது பேட்டைத்தான். வீட்டிலும் அதையே வாங்கிக் கொடுக்கிறார்கள். என் யோசனை வேறு. முதல் பணத்தைக் கிளவுஸுக்குச் செலவழியுங்கள். பேட் ஓர் அணிக்கு இரண்டு மூன்று இருந்தால் மாற்றி மாற்றி ஆடிக்கொள்ளலாம். கிளவுஸ் போடுகிறவர் கைக்கேற்பப் படிவது, அதனால் ஆளுக்கு ஒன்று வேண்டும். களத்தில் நிற்கும் நேரமெல்லாம் பிடிப்பதும் எறிவதும்தானே வேலை!

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பள்ளி அணிகளுக்கு ஜூனில் பள்ளி திறந்த பிறகுதான் போட்டிகள் வரும். மே நடுவில் ஆரம்பித்தால் ஆறு வாரம் கையில் இருக்கும். அந்தக் கணக்கில் சொல்கிறேன்.

படி 1: கிளவுஸ் வாங்கிப் பழக்குதல்

வலது கையால் எறிகிறவர் கிளவுஸை இடது கையில் போட வேண்டும். கடையில் கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். விக்கெட் கீப்பர் கிளவுஸ் இதற்கு உதவாது. பெரியவர்களில் உள்களத்தில், அதாவது ஓடுகிறவர் தொட வேண்டிய நான்கு பேஸ்களை ஒட்டி நிற்பவருக்கு 11 முதல் 11.75 அங்குலம், வெளிக்களத்தில் நிற்பவருக்கு 12 முதல் 12.75 அங்குலம். எங்கே நிற்பீர்கள் என்று இன்னும் முடிவாகவில்லையா? 12 அங்குலம் எடுங்கள், எல்லா இடத்துக்கும் ஓரளவு ஒத்துவரும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறியது வேண்டும். கேட்சருக்கும் (அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்) முதல் பேஸில் நிற்பவருக்கும் தனி வகை உண்டு, அதை அணிப் பணத்தில் வாங்கலாம்.

நம்மூர் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிரிக்கெட், வாலிபால் பொருட்கள்தான் நிறைந்திருக்கும். கிளவுஸ் வேண்டுமென்று சொல்லி வைத்தால் ஜலந்தர், மீரட் சரக்கை வரவழைத்துத் தருகிற கடைகள் உண்டு. பெங்களூருக்குப் போகிற வேலை இருந்தால் நேரில் போட்டுப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.

புதுத் தோல் கிளவுஸ் விறைப்பாக இருக்கும். கிளவுஸ் எண்ணெய் இல்லையென்றால் வேஸ்லினை விரல்நுனியில் கொஞ்சமாக எடுத்து, மடிகிற இடங்களில் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெயில் ஊற வைத்தால் கனத்துப்போகும். இரவில் உள்ளங்கைக் குழியில் ஒரு பந்தை வைத்து மூடி, பழைய சைக்கிள் டியூப் துண்டால் கட்டி வையுங்கள். பகலில் பத்து நிமிடம் அதே குழியில் பந்தை ஓங்கி ஓங்கிப் போடுங்கள். இதையெல்லாம் விட, தினமும் ஒருவரோடு எறிந்து பிடித்து ஆடுவதுதான் கிளவுஸை உண்மையில் பழக்கும். சீக்கிரம் இளகட்டும் என்று வெயிலில் மட்டும் போடாதீர்கள். தோல் காய்ந்து வெடித்துவிடும். மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள்.

படி 2: மற்ற சாமான்கள்

பந்து 142 முதல் 149 கிராம் வரை இருக்கும், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் இலேசு. எடை குறைவென்று அலட்சியம் வேண்டாம், முகத்தில் பட்டால் பல் போகும். முதல் வாரம் டென்னிஸ் பந்தில் பழகுங்கள்.

பேட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 'தற்காப்புக்கு', 'காரில் வைக்க' என்று இணையத்தில் விற்கிற கனமான பேட் ஆட்டத்துக்கானதல்ல. ஒற்றைக் கையில் பிடித்துத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். இருபது நொடிக்குள் நுனி தாழ்ந்தால் உங்களுக்கு அது கனம். மர பேட்டில் கம்பெனி முத்திரை பந்தைப் பார்க்காமல் மேலேயோ கீழேயோ இருக்கும்படி பிடித்து அடியுங்கள், இல்லையென்றால் சீக்கிரம் உடையும்.

காது மூடும் ஹெல்மெட் அவசியம். இடுப்புக்கு கிரிக்கெட் கார்டே போதும். கேட்சருக்கு முகக்கவசம், மார்புக்கவசம், கால்கவசம் மூன்றும் வேண்டும். அவர் குந்தியே உட்கார வேண்டியிருப்பதால் முட்டியில் மடங்குகிற கால்கவசமாகப் பாருங்கள், கிரிக்கெட் பேடு சரிப்படாது. ஷூவில் ரப்பர் முனை போதும்.

படி 3: கையைத் தயார் செய்தல்

உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் ஈட்டி எறிந்து பழகிய பையன்கள், பேஸ்பால் ஆடாமல் வளர்ந்தவர்கள். எறிகிற கையைப் பார்த்துத்தான் 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. ஈட்டி எறிகிற, வேகப்பந்து போடுகிற பிள்ளைகள் நம் மாவட்டங்களிலும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் வலுவான கைதான் அவசரப்பட்டுக் கெடும்.

எறிந்து உடம்பைச் சூடாக்கக் கூடாது, உடம்பு சூடான பிறகுதான் எறிய வேண்டும். மைதானத்தை இரண்டு சுற்று மெதுவாக ஓடுங்கள். கைகளை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். அப்புறம் சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கமாக இழுங்கள், பதினைந்து தடவை. தோளின் பின்பக்கத்துச் சிறு தசைகளுக்கு இது நல்லது.

முதல் வாரம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள், முப்பது எறிதல். வாரா வாரம் நாலைந்து மீட்டர் கூட்டுங்கள். நான்காம் ஐந்தாம் வாரத்தில் 27 மீட்டர், அதாவது ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கான தூரம் கைக்கு வந்துவிடும். பிட்சர், அதாவது அடிப்பவருக்குப் பந்து போடுகிறவர், 18.44 மீட்டரிலிருந்து முழு வேகத்தில் போடுவது அதற்குப் பிறகுதான்.

கால்களை மறக்காதீர்கள், எறிதலின் பலம் அங்கிருந்துதான் வருகிறது. உட்கார்ந்து எழுதல், முன்னே கால் வைத்துத் தாழ்தல், பிளாங்க், பிறகு அந்த 27 மீட்டரை முழு வேகத்தில் எட்டு ஓட்டம். வாரம் மூன்று நாள் போதும். சிவப்பு மண்ணும் சரளையுமான மைதானமாக இருந்தால், தரைப்பந்து பழகும் முன் எல்லோரும் வரிசையாக நடந்து கற்களைப் பொறுக்குங்கள்.

படி 4: பந்தை எண்ணுதல்

இதைப் பயிற்சி ஆசிரியர்களும் பெற்றோரும் கட்டாயம் படிக்க வேண்டும். வளரும் பிள்ளைகளின் முழங்கை, அளவுக்கு மீறிப் போடுவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முழங்கையின் உள்பக்க இணைப்பு நாருக்குப் பதிலாக வேறு நார் வைத்து டாக்டர் ஃபிராங்க் ஜோப் அறுவை சிகிச்சை செய்தார். இன்று பள்ளி வயதிலேயே அந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் உண்டு.

அமெரிக்க வழிகாட்டுதல்படி ஒரு பிட்சர் போடலாம் என்பது ஒரு நாளைக்கு 11, 12 வயதில் 85 பந்து, 13 முதல் 16 வயது வரை 95 பந்து. அதுவே உச்சவரம்பு. 14 வயது வரை, ஒரு நாளில் 66 அல்லது அதற்கு மேல் போட்டால் நான்கு நாள் ஓய்வு வேண்டும். நம் போட்டிகளில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வரலாம். அதனால் மூன்று பிட்சர்களையாவது இப்போதே பழக்குங்கள். பிட்சராகப் போட்ட பிள்ளையை அன்றே கேட்சராக உட்கார வைக்காதீர்கள். ஸ்கோர் நோட்டின் ஓரத்தில் ஒருவர் கோடு போட்டு எண்ணினால் போதும்.

தசை வலி இரண்டு நாளில் போய்விடும். முழங்கையின் உள்பக்கமோ தோள்மூட்டோ குத்தினால் அன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் குறையவில்லையென்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு ஆட வைக்காதீர்கள்.

படி 5: சாப்பாடும் வெயிலும்

மே வெயிலில் காலை ஆறு முதல் எட்டுக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். இடையிடையே தண்ணீர், முடிந்ததும் உப்புப் போட்ட மோர். வீட்டில் களி கிண்டுகிறவர்களுக்கு தனி ஊட்டச்சத்து மாவு எதுவும் தேவையில்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது. கூடவே முட்டை, கொள்ளு, வேர்க்கடலை என்று ஏதாவது ஒன்று இருந்தால் சரி.

போட்டிக்கு முந்தின இரவு பையில் கிளவுஸ், ஹெல்மெட், கார்டு, ஷூ, இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஷூ புதிதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே போட்டு ஓடிப் பழகியிருக்க வேண்டும்.