ஸ்டாட்டின் மாத்திரை: ரிப்போர்ட் நார்மல் வந்ததும் செய்யும் தவறு

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிட்டு வந்த நண்பர் நேற்று போன் செய்தார். "ரிப்போர்ட் நார்மல், மாத்திரையை விட்டுட்டேன்." குரலில் அவ்வளவு சந்தோஷம். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதையேதான் நானும் என் வீட்டில் சொன்னேன். தினமும் மறக்காமல் சாப்பிடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நார்மல் என்று நிறுத்துவது

எனக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 172. அட்டார்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் ஆரம்பித்து மூன்று மாதத்தில் 98. குணமாகிவிட்டது என்று நானே முடிவு செய்து நிறுத்தினேன். உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. கொலஸ்ட்ரால் ஏறினால் வலிக்காது, தலை சுற்றாது. அதனால் இரண்டு வருடம் டெஸ்ட் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு நாள் மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்தியது. எல்டிஎல் 169. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரையை விடாமல் இருந்தால் அது வந்தே இருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். அதைத்தான் ஸ்டாட்டின் தடுக்கிறது. தயாரிப்பு குறைந்ததும், கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் நொதி மறுபடி வேலையைத் தொடங்கும், சில வாரங்களில் பழைய அளவு வந்துவிடும். அந்த 98 என்ற அளவு, மாத்திரை சாப்பிடும்வரைதான். குறைக்கலாமா, மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சொந்தக்காரர்கள் "நார்மல்தானே, இனி எதுக்கு?" என்பார்கள். தயவுசெய்து அதைக் காதில் வாங்காதீர்கள்.

தசை வலியைச் சொல்லாமல் இருப்பது

இரண்டு தொடையும் காரணமில்லாமல் வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தசை பாதிப்பைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை செய்து, அளவைக் குறைக்கவோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவோ முடியும். கடுமையான வலி, பலவீனத்தோடு சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ராத்திரி மட்டும்தான் என்ற பிடிவாதம்

சிம்வாஸ்டாட்டினுக்குச் சரி. அட்டார்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரமும் சாப்பிடலாம்.

கர்ப்பம்

திட்டமிடும்போதே, ஸ்டாட்டின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்ற டாக்டரிடம் மறைப்பது

தொண்டைக்கு கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கு இட்ராகோனசோல். இவற்றோடு சிம்வாஸ்டாட்டினோ அட்டார்வாஸ்டாட்டினோ சேர்ந்தால் ரத்தத்தில் ஸ்டாட்டின் அளவு ஏறி தசை சிதையலாம். தெரிந்தால் டாக்டர் வேறு மருந்து தருவார், இல்லாவிட்டால் ஸ்டாட்டினைச் சில நாள் நிறுத்தச் சொல்வார். மாத்திரை அட்டையில் பெயரும் மில்லிகிராமும் இருக்கும் துண்டை வெட்டி பர்ஸில் வைத்திருக்கிறேன். பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதை எடுத்து மேசையில் வைப்பேன்.